ஐந்து மில்லியன் என்றால் எத்தனை இலட்சம்? மலையகத்தில் பூச்சியங்களின் அரசியல்

2025 டிசம்பர் நடுப்பகுதி. பசறைப் பக்கமாக ஏறும் மலையில் உள்ள தோட்டம் ஒன்றின் சனசமூக நிலையம். டித்வா புயல் கரையைக் கடந்து மூன்று வாரங்கள்கூட ஆகவில்லை. லயங்களுக்கு மேலே மலை வெடித்திருப்பதாகச் சொல்லி வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் பாய், பாத்திரங்களுடன் அங்கே தங்கியிருந்தன. ஓர் இளைஞனின் கைத்தொலைபேசியில், வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் அறிவித்த கொடுப்பனவுப் பட்டியல் படமாக வந்திருந்தது. ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே ஓர் எண்: 5,000,000.

தரம் ஏழில் படிக்கும் பிள்ளை ஒன்று அதைப் பார்த்து, "ஐந்து மில்லியன்" என்று பிழையில்லாமல் வாசித்தது. பக்கத்தில் இருந்த அதன் அம்மாயி கேட்டார்: "மில்லியன்னா எத்தன இலட்சம் புள்ள?"

பிள்ளை யோசித்தது. ஒருவர் "அஞ்சு இலட்சம்" என்றார். இன்னொருவர் "இல்ல, அம்பது" என்றார். மூன்றாமவர், "அம்பதெல்லாம் நமக்குக் குடுப்பானா? அஞ்சாத்தான் இருக்கும்" என்று முடிவு சொன்னார். அங்கிருந்த பலருக்கு அந்த மூன்றாவது பதில்தான் நியாயமாகப் பட்டது.

சரியான பதில் ஐம்பது இலட்சம். ஆனால் அந்த ஐந்து நிமிட உரையாடலில் ஒரு குடும்பத்தின் கணக்கிலிருந்து நாற்பத்தைந்து இலட்சம் ரூபா காணாமற் போனது. யாரும் திருடவில்லை. ஒரு பூச்சியத்தின் இடம் தெரியாமல் போனது, அவ்வளவுதான்.

இதை எழுத்தறிவுக் குறைவு என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. ஆனால் அந்தப் பிள்ளை எண்ணைச் சரியாக வாசித்தது. அம்மாயி சரியான கேள்வியைத்தான் கேட்டார். பிழை அவர்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. அந்த இடைவெளி எப்படி உருவானது, அதனால் யாருக்கு நட்டம், யாருக்கு வசதி என்பதைப் பார்க்கவேண்டியிருக்கிறது.

கண்ணுக்கு ஒரு கணக்கு, நாவுக்கு ஒரு கணக்கு

எண்ணை எழுதும்போது ஓர் இலக்கத்தின் பெறுமதி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. இதைத்தான் பாடசாலையில் இடப்பெறுமானம் என்று படித்தோம். 5 என்ற அதே இலக்கம் ஒன்றுகள் இடத்தில் நின்றால் ஐந்து. ஆயிரங்கள் இடத்தில் நின்றால் ஐயாயிரம். அதற்கு வலப்புறம் ஆறு பூச்சியங்கள் வந்தால் ஐம்பது இலட்சம்.

பழந்தமிழ் எண் முறையில் இந்தச் சிக்கல் குறைவு. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. 2,453 என்பதை ௨௲௪௱௫௰௩ என்று எழுதினார்கள். இரண்டு ஆயிரம், நான்கு நூறு, ஐந்து பத்து, மூன்று என்று வாய் சொல்வதையே கை எழுதியது. இடமும் பூச்சியமும் கொண்ட முறை வந்தபின் எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் மிகவும் இலகுவாயின. ஆனால் பூச்சியங்களை எண்ணத் தெரியாதவருக்கு எண் மூடிய பெட்டியாகிவிட்டது.

இலங்கையில் இதற்கு மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. நாம் பேசுவது இலட்சத்திலும் கோடியிலும். எழுதுவது ஆயிரத்திலும் மில்லியனிலும். இந்தியாவில் ஐம்பது இலட்சத்தை 50,00,000 என்று எழுதுவார்கள். வலமிருந்து முதலில் மூன்று இலக்கம், பிறகு இரண்டிரண்டாகக் காற்புள்ளி. அங்கே இரண்டாவது காற்புள்ளிக்கு இடப்பக்கம் நிற்பது அப்படியே இலட்சம். வாய்க்கும் கைக்கும் சண்டையில்லை. நமது வங்கியும் பிரதேச செயலகமும் பாடப்புத்தகமும் மூன்று மூன்றாகப் பிரித்து 5,000,000 என்று எழுதுகின்றன. இங்கே எந்தக் காற்புள்ளியும் இலட்சத்தின் எல்லையில் விழுவதில்லை. கண் ஒரு முறையில் வெட்டிக் காட்டுவதை நா வேறு முறையில் வெட்டிச் சொல்லவேண்டும்.

இந்தச் சிக்கல் தமிழருக்கு மட்டுமானது அல்ல. சிங்களக் கிராமத்தவரும் இலட்சத்தில்தான் பேசுகிறார்கள். ஆனால் அவரிடம் வரும் கடிதத்தில் எண்ணைச் சுற்றியுள்ள வார்த்தைகளாவது அவருடைய மொழியில் இருக்கும். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. இருந்தும் தோட்டத்து மக்கள் கையில் சிங்களத்தில் மட்டுமோ ஆங்கிலத்தில் மட்டுமோ உள்ள படிவங்களே அடிக்கடி வந்து சேருகின்றன. சுற்றியுள்ள சொற்கள் புரியாதபோது எண் மட்டுமே பிடிமானம். அந்தப் பிடிமானமும் வழுக்கினால் என்ன செய்வது?

என் குடும்பத்திலேயே ஒரு கதை உண்டு. ஹாலிஎலப் பக்கத் தோட்டம் ஒன்றில் இருக்கும் என் சித்தி, சில ஆண்டுகளுக்கு முன் அயல் லயத்துப் பையன் முச்சக்கரவண்டி எடுப்பதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் பிணைக் கையொப்பம் வைத்தார். தாளில் இருந்த தொகை 1,250,000. முதல் காற்புள்ளிக்கு முன்னால் ஒன்று இருப்பதைப் பார்த்து, "ஒரு இலட்சத்துச் சொச்சம்" என்று நினைத்திருக்கிறார். பையன் தவணை கட்டாமல் விட்டபோது வந்த கடிதத்தைப் பதுளை நகரில் ஒருவர் வாசித்துக் காட்டிய பிறகுதான் அது பன்னிரண்டரை இலட்சம் என்று தெரிந்தது. சித்தி எட்டாம் வகுப்புவரை படித்தவர். கொழுந்து நிறுவையில் கால் கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

துண்டிலிருந்து சம்பளச் சீட்டு வரை

மலையகத்தில் எண்ணை எழுதுபவர் ஒருவர், அதற்குக் கட்டுப்படுபவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு புதிதல்ல. தோட்டங்களில் 'துண்டு' முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளி கங்காணியிடமும் தோட்டத்திடமும் பட்ட கடனை ஒரு தாளில் எழுதி, இந்தத் தொகையைக் கட்டுகிறவர் இவரைக் கூட்டிச் செல்லலாம் என்று துரை கையெழுத்திடுவார். அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தாளோடு கூடவே போகும். அதில் என்ன தொகை எழுதப்பட்டிருக்கிறது என்று அந்தத் துண்டுக்குரிய தொழிலாளியால் வாசிக்க முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம்தான் இந்த முறை ஒழிக்கப்பட்டது.

துண்டு போனது. பெரட்டும் செக்ரோலும் நிறுவைத் தராசும் இருக்கின்றன. ஒரு தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ என்று வைத்திருந்தால், 18.0 எடுப்பவருக்கு முழுப்பேர். 17.9 என்று விழுந்தால் அரைப்பேர் ஆகலாம். தசமப் புள்ளிக்கு வலப்புறத்தில் பத்தில் ஒரு பங்கு. அதன் விலை அரைநாள் சம்பளம். சாக்கின் நிறை, ஈரத்தின் நிறை என்று கழிக்கும்போது கொழுந்து எடுக்கும் பெண்கள் தராசடியில் ஏன் அவ்வளவு சத்தம் போடுகிறார்கள் என்பது இதைப் பார்த்தால் புரியும். சிறிய எண்களில் நமது பெண்களை ஏமாற்றுவது கடினம். எண் பெரிதாகும்போதுதான் அவர்களுடைய குரல் தணிகிறது.

சம்பள உயர்வு பற்றிய பேச்சும் அப்படித்தான். 2021இல் ஆயிரம் ரூபா. 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1,700 என்று அறிவிக்கப்பட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 என்று வர்த்தமானி வந்தது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத்திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550 ஆகவும், வருகைக்காக அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வழங்கும் என்றும், மொத்தம் 1,750 என்றும் அறிவிக்கப்பட்டது. இந்த நான்கு இலக்க எண்களைப் பற்றி லயத்துக்கு லயம் விவாதம் நடந்தது. ஆனால் அதே அறிவிப்பில் இருந்த இன்னொரு எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லை: இந்த 200 ரூபாவுக்காக ஒதுக்கப்பட்ட 5,000 மில்லியன்.

அதைப் பிரித்துப் பார்ப்போம். 5,000 மில்லியன் என்றால் 5 பில்லியன். நமது கணக்கில் 500 கோடி ரூபா. இதை நாளொன்றுக்கு 200 என்று வகுத்தால் இரண்டரைக் கோடி வேலை நாட்கள் வரும். ஒருவர் மாதம் 25 நாட்கள் வீதம் ஆண்டுக்கு 300 நாட்கள் வேலை செய்தால், இந்தப் பணம் ஏறத்தாழ 83,000 பேருக்குத்தான் போதும். ஒன்றரை இலட்சம் பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆண்டில் சுமார் 166 நாட்கள். மாதத்துக்கு 14 நாட்கள்கூட வராது.

அப்படியானால் கேள்வி இது: ஒதுக்கீட்டைக் கணக்கிட்டவர்கள் எத்தனை தொழிலாளரை, மாதத்துக்கு எத்தனை நாள் வேலையை மனதில் வைத்துக் கணக்கிட்டார்கள்? 25 நாள் வேலை கிடைக்கும் என்று மேடையில் சொல்பவர்களும், தோட்டங்களில் அத்தனை நாள் வேலை கொடுக்கப்படுவதில்லை என்று குறைசொல்லும் தொழிற்சங்கங்களும் இந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டே பேசத் தொடங்கலாம். மேடையில் 1,750க்குக் கைதட்டினோம். பூச்சியங்களை எண்ணியிருந்தால் 5,000 மில்லியனைப் பற்றிக் கேட்டிருப்போம்.

ஒரு பில்லியனுக்கு எத்தனை கொழுந்துக்கூடை?

மில்லியன், பில்லியன் என்ற சொற்கள் காதில் ஒரேமாதிரி விழுகின்றன. அவற்றுக்கிடையிலான தூரம் காதுக்குத் தெரிவதில்லை. ஆகவே அவற்றைத் தோட்டத்துச் சம்பளத்தால் அளந்து பார்க்கிறேன். நாளொன்றுக்கு 1,750 ரூபா, ஆண்டுக்கு 300 நாள் வேலை, ஒரு சதமும் செலவழிக்காமல் சேமிப்பு. அப்படி ஒரு மில்லியன் ரூபா சேர ஏறத்தாழ 23 மாதங்கள் ஆகும். ஐந்து மில்லியன் சேர ஒன்பதரை ஆண்டுகள். ஒரு பில்லியன் சேர சுமார் 1,900 ஆண்டுகள். மலையகத் தமிழர் இந்த மண்ணுக்கு வந்து 200 ஆண்டுகள் என்று நாம் நினைவுகூர்ந்தது 2023இல்தான்.

இப்போது புயல் நிவாரணத்துக்கு வருவோம். டித்வாவில் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு பெரும் உயிரிழப்பை ஏற்படுத்தியது. ஒரு மரணத்துக்கு அறிவிக்கப்பட்டது 1,000,000 ரூபா, அதாவது 10 இலட்சம். மேலே சொன்ன கணக்கில் 23 மாதச் சம்பளம். முழுமையாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சம். காணி இல்லாதோருக்குக் காணி வாங்க மேலும் 50 இலட்சம் வரை. பகுதியளவு சேதத்துக்கு 25 இலட்சம் வரை. வீட்டைத் துப்புரவு செய்ய 25,000.

இந்த எண்களில் ஒரு பூச்சியம் கூடினால் அல்லது குறைந்தால் என்ன ஆகும்? 250,000க்கும் 2,500,000க்கும் உள்ள வேறுபாடு, கூரைத் தகடு மாற்றுவதற்கும் வீட்டையே திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு. தனக்குக் கிடைக்கவேண்டியது இருபத்தைந்து இலட்சம் வரை போகலாம் என்று தெரியாத ஒருவர், இரண்டரை இலட்சத்துக்கான மதிப்பீட்டில் கையொப்பமிட்டுவிட்டு நன்றி சொல்லிவிட்டு வருவார். மேன்முறையீடு செய்யவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வராது. இடைத்தரகர் ஒருவர் பத்து வீதம் கேட்டால், எதன் பத்து வீதம் என்றும் அவருக்குத் தெரியாது.

பெரிய எண்களிலும் இதே கதைதான். டித்வாவின் நேரடிச் சேதம் 4.1 பில்லியன் அமெரிக்க டொலர் என்று உலக வங்கி டிசம்பரில் மதிப்பிட்டது. 410 கோடி டொலர். டொலர் 310 ரூபா என்று வைத்தால் ஏறத்தாழ 1 இலட்சத்து 27 ஆயிரம் கோடி ரூபா. இந்தியா அறிவித்த உதவி 450 மில்லியன் டொலர், 45 கோடி. அதிலும் 350 மில்லியன் சலுகைக் கடன், 100 மில்லியன்தான் நன்கொடை. பில்லியனும் மில்லியனும் ஒரே செய்தியில் வரும்போது 450 என்பது 4.1 ஐ விடப் பெரிதாகத் தெரியும். உண்மையில் அந்த உதவி, சேதத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். நன்கொடை மட்டும் நாற்பதில் ஒரு பங்கு.

இந்திய உதவியில் மலையகத்தில் கட்டப்படும் 10,000 வீடுகளை எடுத்துக்கொள்வோம். வீடொன்றுக்கு 2.8 மில்லியன், அதாவது 28 இலட்சம். மொத்தம் 28 பில்லியன். 2,800 கோடி ரூபா. இதன் பக்கத்தில் ஒரு தொழிலாளியின் சேமலாப நிதியை வைத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 1,550 வீதம் 25 நாட்களுக்கு 38,750. ஊழியர் பங்கு 8 வீதம் 3,100, தொழில்தருநர் பங்கு 12 வீதம் 4,650. மாதம் 7,750; ஆண்டுக்கு 93,000. வட்டியை விட்டுவிட்டு, இதே சம்பளத்தில் முப்பது ஆண்டுகளுக்குப் பெருக்கினால் 2,790,000. அதாவது 27 இலட்சத்து 90 ஆயிரம். ஒரு நாளும் தவறாமல் முப்பது ஆண்டு மலையேறினாலும், சேமலாப நிதியால் வாங்கக்கூடியது 28 இலட்சம் ரூபாவுக்குக் கட்டப்படும் ஒரு சிறிய வீட்டைத்தான். அதுகூடக் கையில் கிடைத்தால். சீட்டில் கழிக்கப்பட்ட பணம் தங்கள் கணக்கில் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த தொழிலாளர் எத்தனை பேர்?

மனிதரைப் பூச்சியத்தில் முடித்த ஒப்பந்தம்

பணத்தில் வரும் பிழையைவிட ஆபத்தானது மனிதரை எண்ணுவதில் வரும் பிழை. இதை வடக்கு, கிழக்கில் இருந்து வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் மலையகத்தின் அனுபவத்தையும் வன்னியின் அனுபவத்தையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கு போட்டது. மொத்தம் 975,000 பேர். இந்தியாவுக்கு 525,000. இலங்கைக்கு 300,000. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று விட்டார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1974இல், அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள்.

இந்த எண்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். எல்லாமே மூன்று பூச்சியங்களில் முடிகின்றன. நூறுகள் இடத்திலும் பத்துகள் இடத்திலும் ஒன்றுகள் இடத்திலும் எவரும் இல்லை. ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் அந்தக் குடும்பம் ஒன்றுகள் இடத்தில் நிற்கிறது. ஒரு லயத்தில் எழுபது பேர் என்றால் அந்த லயம் பத்துகள் இடத்தில். ஒரு டிவிசனில் எண்ணூறு பேர் என்றால் நூறுகள் இடத்தில். பெயர் சொல்லி அழைக்கக்கூடிய மனிதர் வாழும் மூன்று இடங்களும் பூச்சியம். அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் பிரிந்ததில் வியப்பென்ன? ஆயிரத்துக்குக் கீழே எவரையும் பார்க்காத ஒப்பந்தம் அது.

பதுளை, பண்டாரவளை நிலையங்களில் இருந்து அந்தக் குடும்பங்கள் ரயிலேறித் தலைமன்னார் போயின. 1984இல் கப்பல் நின்றது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் இன்னொரு பகுதியினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் போய்க் காடுவெட்டிக் குடியேறினார்கள். அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் 2009இல் மற்றவர்களோடு முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள்.

அங்கே மீண்டும் பூச்சியங்கள் வந்தன. 2009இன் தொடக்கத்தில், வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்று அரசாங்கம் சொன்னது. களத்தில் இருந்த அரச அலுவலர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல் என்றார்கள். உணவும் மருந்தும் எந்த எண்ணுக்கு அனுப்பப்படுகிறது என்பதில்தான் உயிர் இருந்தது. இறுதியில் உயிரோடு வெளியே வந்தவர்களே இரண்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகம்.

2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை ஓர் எளிய கழித்தலை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிப் பதிவுகளின்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. 2009 ஜூலை 10 அளவில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்திருந்தவர்கள் 282,380. மீதி 146,679 பேர். இவர்களுக்கு என்ன நடந்தது?

அந்த எண்ணின் ஒன்றுகள் இடத்தில் 9 இருக்கிறது. 429,059 இல் நூறுகள் இடத்தில் ஒரு பூச்சியம் இருக்கிறது. அது எண்ணிப் பார்த்து இட்ட பூச்சியம், எண்ணாமல் விட்ட பூச்சியம் அல்ல. இந்த வேறுபாடு முக்கியமானது. அது கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை என்று ஆயர் சொல்லவில்லை. கணக்கில் வராதோரின் எண்ணிக்கை என்றார். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 வரை என்றது. ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு 2012இல் 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் இல்லை என்றது. அவை மதிப்பீடுகள், பூச்சியங்களில் முடிவது இயல்பு. ஆனால் ஆயரின் கழித்தல் அரச பதிவேட்டில் இருந்து எடுத்த ஓர் எண்ணில் இருந்து தொடங்கியது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தையின் மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் புதைந்தன. முதல் நாட்களில் நூறு, இருநூறு, முந்நூறு என்று செய்திகள் வந்தன. பின்னர் அதிகாரிகள் உறுதிப்படுத்திய எண்ணிக்கை நாற்பதுக்கும் குறைவு. நூறுகள் இடத்தில் இருந்தது பத்துகள் இடத்துக்கு இறங்கியதும் நாடு பெருமூச்சு விட்டு மறந்துபோனது. நாற்பதுக்குக் குறைவு என்பதே எவ்வளவு பெரிய சாவு என்று யாரும் நின்று பார்க்கவில்லை. எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னால் கவனம் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. கூட்டிச் சொன்ன ஒவ்வொரு எண்ணும் பின்னால் நமக்கெதிராகவே திரும்பும். ஆயரின் எண் இத்தனை ஆண்டுகள் நின்றுபிடிப்பதற்குக் காரணம், அவர் அதைப் பெரிதாக்கவுமில்லை, சிறிதாக்கவுமில்லை.

எழுத்திலும் எழுதுங்கள்

இதற்கு என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை.

முதலாவது, அரச படிவங்களில் தொகையைத் தமிழ் எழுத்திலும் எழுதவேண்டும். காசோலையில் எழுத்தால் எழுதாமல் வங்கி ஏற்பதில்லை. ஒரு குடும்பத்தின் வீட்டுக்கான மதிப்பீட்டுப் படிவத்தில் மட்டும் ஏன் எண் தனியாக நிற்கவேண்டும்? "ரூபா 5,000,000 (ஐம்பது இலட்சம்)" என்று எழுத ஒரு நிமிடம்தான் ஆகும். நிதி நிறுவனங்களின் கடன், பிணை ஆவணங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கலாம்.

இரண்டாவது, பாடசாலையில் மில்லியனைச் சொல்லிக்கொடுக்கும் அதே நாளில் இலட்சத்தையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கவேண்டும். பிள்ளை பரீட்சைக்காக ஒன்றையும் வீட்டுக்காக இன்னொன்றையும் தனித்தனியே கற்கும் நிலை இருக்கக்கூடாது. தோட்டத்தில் கடிதம் வாசித்துக் காட்டுபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்தான்.

மூன்றாவது, நாமே மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய வழி. மில்லியனைக் கண்டால் பத்தால் பெருக்கி இலட்சம் என்று சொல்லுங்கள்: 2.8 மில்லியன், 28 இலட்சம். பில்லியனைக் கண்டால் நூறால் பெருக்கிக் கோடி என்று சொல்லுங்கள்: 5 பில்லியன், 500 கோடி. டிரில்லியன் என்றால் இலட்சம் கோடி. காற்புள்ளியை நம்பாமல் வலப்புறத்தில் இருந்து இலக்கங்களை எண்ணுங்கள். ஆறு இலக்கம் வந்தால் இலட்சம் தொடங்கிவிட்டது. எட்டு இலக்கம் வந்தால் கோடி. கையொப்பமிடுவதற்கு முன், "இதை இலட்சத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொல்ல மறுப்பவரிடம் கையொப்பம் வைக்கவேண்டாம்.

எண்ணை வாசிக்கத் தெரிந்தால் மட்டும் பணம் கைக்கு வந்துவிடாது என்பதும் உண்மை. லயத்தின் காணி தொழிலாளியுடையது அல்ல. நான்கு தலைமுறை அங்கே வாழ்ந்தாலும் உறுதி இல்லை. ஐம்பது இலட்சம் என்று அறிவிக்கப்பட்டாலும், அழிந்தது யாருடைய வீடு, புது வீட்டை எந்தக் காணியில் கட்டுவது என்ற கேள்விகள் அதற்கு முன்னால் நிற்கின்றன. ஆனால் அந்தக் கேள்வியைப் பலமாகக் கேட்பதற்கும், தன் முன்னால் இருக்கும் தொகை எவ்வளவு என்று முதலில் தெரிந்திருக்கவேண்டும். ஐந்து இலட்சத்துக்குக் காணி கேட்டுப் போராடுவோமா என்று தயங்குபவர், ஐம்பது இலட்சம் என்று தெரிந்தால் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

சனசமூக நிலையத்தில் அன்று பிள்ளை ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் 5,000,000 என்று எழுதியது. வலப்புறத்தில் இருந்து ஒவ்வொரு பூச்சியமாகத் தொட்டு ஒன்று, பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம், இலட்சம், பத்து இலட்சம் என்று எண்ணி வந்து, ஐந்தில் விரலை வைத்தது. அம்மாயி அந்தத் தாளைச் சற்று நேரம் பார்த்தார்.

"அப்ப அம்பது இலட்சம். அத தமிழ்ல எழுதித் தரச் சொல்லு. நான் கச்சேரிக்குக் கொண்டு போறேன்" என்றார்.